பாயிண்ட்ஸ், பேட்ஜ், லீடர்போர்டு சேர்த்தால் பயனர்கள் திரும்பி வருவார்களா?

கேள்வி சுருக்கமாக: வீட்டு வரவு செலவை எழுதி வைக்க ஒரு ஆப். இறக்கிக்கொள்கிறவர்கள் நாலு நாள் ஆர்வமாக எழுதுகிறார்கள், அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. மேலாளர் "டூயோலிங்கோ மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார் (டூயோலிங்கோ, மொழி கற்றுத்தரும் ஆப்). அடுத்த ரிலீஸில் பாயிண்ட்ஸ், பேட்ஜ் (ஓர் இலக்கை முடித்தால் கிடைக்கும் பதக்கம்), லீடர்போர்டு (யார் முன்னால் என்று காட்டும் தரவரிசைப் பட்டியல்) மூன்றையும் சேர்ப்பதாகத் திட்டம். வேலை செய்யுமா, எங்கிருந்து தொடங்குவது?

மூன்றையும் சேர்த்தால் முதல் மாதம் கிராஃப் அநேகமாக ஏறும். புதிதாக எதைக் காட்டினாலும் மக்கள் கொஞ்ச நாள் தட்டிப் பார்ப்பார்கள். அதைப் பார்த்து மேலாளர் சந்தோஷப்படுவார், நீங்கள் படாதீர்கள். எந்த மெக்கானிக்கை, அதாவது எந்த விளையாட்டு உத்தியைப் போடலாம் என்ற பேச்சுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: திரையில் எதை எண்ணிக் காட்டப்போகிறீர்கள்? எதற்கு எண் போடுகிறீர்களோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். அந்த எண்ணும், அவர்கள் எதற்காக ஆப்பை இறக்கினார்களோ அதுவும் ஒரே திசையில் போனால் பிழைத்தீர்கள். வேறு வேறு திசையில் போனால், எவ்வளவு அழகான பேட்ஜ் வரைந்தாலும் ஆறு மாதத்தில் அது உங்களுக்கே தலைவலி.

டூயோலிங்கோவிலிருந்தே தொடங்குவோம். அவர்களும் "அது மாதிரி" என்று போய் அடிபட்டவர்கள்தான். அங்கே ப்ராடக்ட் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹோர்ஹே மசால் 2023-இல் அந்தக் கதையை விவரமாக எழுதினார். வளர்ச்சி மந்தமாக இருந்த காலத்தில், கார்டன்ஸ்கேப்ஸ் என்ற மொபைல் கேமைப் பார்த்து, "இன்னும் இத்தனை மூவ் பாக்கி" என்று காட்டும் கவுண்டரைக் கொண்டுவந்து பாடத்தின் மேல் வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தார்கள். கார்டன்ஸ்கேப்ஸில் மூவ் குறையக் குறைய அடுத்து எதை நகர்த்துவது என்று மண்டையைக் குடைய வேண்டியிருக்கும். அந்தத் தவிப்புதான் அங்கே ருசி. மொழிப் பாடத்தில் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் தெரியாது. சாமர்த்தியமாக ஆடி ஒரு மூவ் மிச்சம் பிடிக்க அங்கே இடமே கிடையாது. எண் இருந்தது, அதைக் கொண்டு செய்ய எதுவும் இல்லை.

அடுத்து ஊபரைப் பார்த்து, நண்பரைச் சேர்த்துவிட்டால் பரிசு என்று ஒன்றைப் போட்டார்கள். பரிசு, கட்டணச் சந்தா ஒரு மாதம் இலவசம். யார் நாலு பேரிடம் ஆப்பைப் பற்றிப் பேசுவார்களோ அந்தத் தீவிரப் பயனர்களிடம் அந்தச் சந்தா ஏற்கனவே இருந்தது. புதிய பயனர்கள் 3 சதவீதம்தான் கூடினார்கள்.

மூன்றாவது முயற்சிதான் இன்று எல்லோரும் காப்பியடிக்கும் லீக். மசால் முன்பு ஸிங்கா என்ற கேம் நிறுவனத்தில் இருந்தவர். ஃபார்ம்வில் 2 விளையாட்டின் லீடர்போர்டை எடுத்தார், ஆனால் தேவைக்கு வெட்டி ஒட்டி எடுத்தார். டூயோலிங்கோவில் அதற்கு முன்பே நண்பர்களுக்குள் யார் முன்னால் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருந்து, பெரிதாக எடுபடாமல் கிடந்தது. மாமா மகன் முன்னால் போனால் எனக்கென்ன, அவனுக்கு வேலை இல்லை என்று விட்டுவிடுவோம். புதிய லீக்கில் முகம் தெரியாத, ஆனால் ஏறக்குறைய நம் அளவுக்கே ஆப்பில் நேரம் செலவிடும் சுமார் 30 பேர். கெடு ஒரு வாரம். மேலே வந்தால் அடுத்த லீக், கீழே போனால் இறக்கம், திங்கள்கிழமை மறுபடி பூஜ்யம். மொத்தத்தில் படிக்கும் நேரம் 17 சதவீதம் கூடியது என்று மசால் எழுதுகிறார். மூன்று லட்சம் பேர் பட்டியலில் 1,84,211-ஆம் இடம் என்று காட்டியிருந்தால் இது நடந்திருக்காது. ஐந்து பேரைத் தாண்டினால் போதும் என்று தெரிவதால்தான் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பாடம் போகிறது.

அப்புறம் ஸ்ட்ரீக். உங்கள் மேலாளர் மனசில் இருப்பதும் அநேகமாக இதுதான். தொடர்ந்து எத்தனை நாள் வந்தீர்கள் என்ற ஒரே ஓர் எண். பத்தாம் நாள் அதற்குப் பெரிய மதிப்பில்லை. இருநூறாம் நாள் அதை விட மனசு வராது. கையில் இருப்பது போய்விடுமே என்ற பயம், புதிதாக ஒன்று கிடைக்கும் என்ற ஆசையைவிட நம்மை வேகமாக ஓட வைக்கும். டூயோலிங்கோ அதைச் சுற்றி வேலி கட்டியிருக்கிறது: ஒருநாள் தவறினாலும் எண் உடையாமல் காக்கும் ஸ்ட்ரீக் ஃப்ரீஸ், நாள் முடியப்போகிறது என்று ராத்திரி வரும் நோட்டிபிகேஷன். இதில் ஃப்ரீஸ்தான் புத்திசாலித்தனமான பகுதி. 180 நாள் எண் காய்ச்சலில் படுத்த ஒருநாளால் பூஜ்யமானால் அந்த ஆள் மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்குவார் என்று நினைக்காதீர்கள். ஆப்பை அழித்துவிட்டுப் போவார். விட்டுக்கொடுக்கத் தெரியாத ஸ்ட்ரீக், உங்களோடு நெடுநாள் இருந்தவர்களையே முதலில் வெளியே தள்ளும்.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி பதினொன்று ஐம்பதுக்கு, ஏற்கனவே தெரிந்த எளிய பாடம் ஒன்றை இரண்டு நிமிடத்தில் முடித்து எண்ணைக் காப்பாற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர் அன்று என்ன மொழி கற்றார்? ஸ்னாப்சாட்டில் இரண்டு நண்பர்கள் தொடர்ந்து எத்தனை நாள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினார்கள் என்பதுதான் ஸ்ட்ரீக். பதின்வயதுப் பிள்ளைகள் பரீட்சைக்கோ பயணத்துக்கோ போகும்போது பாஸ்வேர்டை நண்பரிடம் கொடுத்து, "என் ஸ்ட்ரீக்கைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நட்பைக் காட்ட வந்த எண்ணுக்கு நட்பே வேலைக்காரனாகிவிட்டது.

புரோகிராமர்கள் கோடு எழுதிப் பகிரும் தளமான கிட்ஹப் 2016 மே மாதம் தன் புரொஃபைல் பக்கத்திலிருந்த ஸ்ட்ரீக் கவுண்டரை எடுத்தேவிட்டது. பிறகு என்ன ஆனது என்பதை மோல்டன், ஸ்ட்ரோமேயர், வாக்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2021-இல் வெளியிட்டார்கள். நீண்ட ஸ்ட்ரீக்குகள் கைவிடப்பட்டன. வார இறுதி வேலை குறைந்தது. நாளுக்கு ஒரே ஒரு பங்களிப்பு என்று பேருக்குச் செய்யும் நாட்களும் குறைந்தன. நான் இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது இந்த ஆய்வைத்தான். யாரும் பரிசு தரவில்லை, போட்டி வைக்கவில்லை. ஓர் எண் இருந்தது, பிறகு இல்லை. அவ்வளவுக்கே உலகம் முழுக்க புரோகிராமர்களின் சனி ஞாயிறு மாறியது.

எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைப் பாருங்கள். 2008-இல் வந்த தளம், புரோகிராமர்கள் கேள்வி பதிலுக்கானது. அங்கே உள்ள ரெப்யூடேஷன் பாயிண்ட் நீங்கள் எத்தனை பதில் எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை. எழுதியது மற்றவருக்கு உதவியதா என்று பார்க்கிறது. உங்கள் பதிலுக்கு ஒருவர் ஓட்டுப் போட்டால் 10. கேட்டவரே ஏற்றுக்கொண்டால் 15. யாராவது எதிர் ஓட்டுப் போட்டால் உங்களுக்கு 2 குறையும். அந்தப் பதிலுக்கு எதிர் ஓட்டுப் போட்டவருக்கும் 1 குறையும். இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. எரிச்சலில் கண்டபடி எதிர் ஓட்டுக் குத்துகிறவனின் கையைச் சத்தமில்லாமல் பிடிக்கிறது. ஓட்டில் வரும் பாயிண்டுக்கு ஒருநாள் உச்சவரம்பு 200. ராத்திரி பகலாக உட்கார்ந்து குவிக்க முடியாது.

சேர்ந்த பாயிண்ட் அலங்காரமாகவும் நின்றுவிடவில்லை. 15 வந்தால் ஆதரவு ஓட்டுப் போடலாம், 50 வந்தால் எங்கும் கருத்து எழுதலாம், 125-க்கு எதிர் ஓட்டு, 2,000-க்கு மற்றவர் எழுதியதை நேரடியாகத் திருத்தும் உரிமை. எண் ஏற ஏற பொறுப்பு ஏறுகிறது. நம்பிக்கை சம்பாதித்தவரிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். தளத்துக்கும் காவல் வேலை ஓரளவு சும்மா கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டின் கசப்புகளும் தெரிந்தவைதான்: எளிய கேள்விக்கு அரைகுறைப் பதிலை முதலில் போட்டு ஓட்டு வாங்கிவிட்டு, பிறகு நிதானமாகத் திருத்துகிற ஓட்டப்பந்தயம், புதிதாக வருகிறவர் முதல் கேள்வியிலேயே கொட்டு வாங்கிக்கொண்டு ஓடுவது. எந்த எண்ணும் முழுக்கப் பத்தினியாக இருக்காது.

அதே தளத்தின் பேட்ஜ்களைப் பற்றி ஆண்டர்சன், ஹட்டன்லாக்கர், க்ளைன்பெர்க், லெஸ்கோவெக் நால்வரும் 2013-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். 300 முறை ஓட்டுப் போட்டால் ஒரு பேட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 நெருங்க நெருங்க ஓட்டுப் போடும் வேகம் ஏறுகிறது; கிடைத்த மறுகணம் இறங்கிவிடுகிறது. பேட்ஜ் நிரந்தரப் பழக்கம் தராது, ஒரு கட்டம் வரை தள்ளிக்கொண்டு போய் விடும். எனவே ஒரு தடவை செய்தால் போதும் என்ற வேலைகளுக்கு அது நல்ல கருவி: வங்கிக் கணக்கை இணைப்பது, முதல் மாத பட்ஜெட் போடுவது, குடும்பத்தில் இன்னொருவரைச் சேர்ப்பது மாதிரி.

அந்தத் தள்ளுக்குத் தொடக்கத்திலேயே கொஞ்சம் கடன் கொடுத்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். நூனஸ், ட்ரேஸ் என்ற இருவர் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்துப் பார்த்தார்கள், 2006-இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்கு 10 கட்டம், இரண்டில் முன்கூட்டியே முத்திரை. இரண்டு பிரிவினரும் கழுவ வேண்டியது எட்டு முறைதான். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதமும், இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதமும் அட்டையை நிரப்பினார்கள். கணக்குத் தொடங்கியதுமே முன்னேற்றப் பட்டை கால்வாசி நிரம்பிய மாதிரி காட்டுகிற ஆப்கள் எல்லாம் இந்த வழிதான்.

பரிசைப் பற்றி எச்சரிக்கை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரிப் பள்ளியில், ஏற்கனவே படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, பேனாவும் காகிதமும் சும்மா வைத்திருந்தபோது, பேரம் பேசி வரைய வைத்த குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். உங்கள் பயனர் ஆசையோடு செய்வதற்குக் கூலி கொடுத்தால், கூலி நின்ற அன்று ஆசையும் நின்றுபோகலாம். முடித்த பிறகு எதிர்பாராமல் வந்த பாராட்டு மட்டும் யாரையும் கெடுக்கவில்லை.

அதிர்ஷ்டப் பரிசு வேறு ரகம். கூகுள் பே இந்தியாவில் ஸ்கிராட்ச் கார்டை வைத்துத்தான் பெரிய அளவில் ஆட்களைப் பிடித்தது. 2019 தீபாவளிக்கு ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்று அறிவித்ததும், ரங்கோலி ஸ்டாம்ப் மட்டும் யாருக்கும் சிக்காமல் வாட்ஸ்அப் முழுக்க "ரங்கோலி இருக்கா?" என்று அலைந்தது நினைவிருக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு சூதாட்ட மெஷினின் அதே தத்துவம்தான். பரவ வைக்கும், ஆனால் 251 ரூபாய்க்காக வந்தவர் அதோடு போய்விடுவார். இதில் நமக்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம், 1979 இருப்பதால்தான் இந்த மாதிரி சலுகைகளின் அடியில் "தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தாது" என்று பொடி எழுத்தில் இருக்கும். கூகுள் பேயின் ஸ்கிராட்ச் கார்டும் இங்கே பொருந்தாமல் இருந்தது அதனால்தான். குலுக்கல், சக்கரம் சுற்றுவது என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால், டிசைன் தொடங்கும் முன்பே வக்கீலைக் கேளுங்கள்.

பண விஷயத்தில் கொண்டாட்டமே வம்பாகும் என்பதற்கு ராபின்ஹுட். அமெரிக்காவில் பங்கு வாங்க விற்க உதவும் அந்த ஆப், முதல் பங்கு வாங்கியது போன்ற தருணங்களில் திரை முழுக்க வண்ணக் காகிதத் துகள்களைத் தூவியது. 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகள் போட்ட வழக்கில், அனுபவமில்லாதவர்களை விளையாட்டு உத்திகளால் வியாபாரத்தில் இழுக்கிறது என்பதும் ஒரு குற்றச்சாட்டு. 2021 மார்ச்சில் நிறுவனம் துகள்களை எடுத்துவிட்டது. 2024-இல் 75 லட்சம் டாலருக்குச் சமரசம். அவர்கள் கொண்டாடியது வாங்கியதை; வாங்கியதால் வாடிக்கையாளருக்கு நல்லது நடந்ததா என்பதை இல்லை.

சரி, உங்கள் ஆப்புக்கு வருவோம். திட்டத்தில் "ஒரு செலவு பதிந்தால் 10 பாயிண்ட்" என்று எழுதியிருப்பீர்கள், எழுதாமல் இருந்தால் ஆச்சரியம். என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒருவர் மாலையில் காய்கறிக் கடையில் 210 ரூபாய் கொடுத்து வருகிறார். வழக்கமாக "காய்கறி 210" என்று ஒரே வரி. பாயிண்ட் வந்தபின் தக்காளி 40, வெங்காயம் 60, கத்தரிக்காய் 50, முருங்கை 40, கொத்தமல்லி 20. ஐந்து வரி, 50 பாயிண்ட். உங்கள் டாஷ்போர்டில் "ஒருவருக்கான பதிவுகள்" ஐந்து மடங்கு. அவர் பையில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக மிஞ்சவில்லை, கணக்கு படிக்க முடியாத அளவுக்கு நீளமாகிவிட்டது. இன்னும் மோசம்: செலவே செய்யாத நாளில் அவருக்குப் பாயிண்ட் பூஜ்யம். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனை!

அவர் ஆப்பை இறக்கியது மாசக் கடைசியில் கையைக் கடிக்கிறதே என்பதற்காக. எண்ண வேண்டியது அதைத்தான். மளிகைக்கு 8,000 ஒதுக்கியிருக்கிறார், இன்று தேதி 20, இன்னும் 2,900 இருக்கிறது, போன மாதம் இதே நாளில் 1,600 இருந்தது. இந்த ஒரு வரியை முகப்பில் பெரிதாக வைத்தால் பேட்ஜ் பாதி தேவைப்படாது. போன மாதத்துத் தன்னையே ஜெயிப்பது போல ஒரு போட்டி வேறு இல்லை, அதில் யாரும் அவமானப்படுவதும் இல்லை.

லீடர்போர்டை எடுத்துவிடுங்கள். சம்பளம் வேறு, வீட்டில் ஆட்கள் எண்ணிக்கை வேறு, வாடகை வேறு. 18,000 சம்பாதிப்பவரையும் ஒன்றரை லட்சம் சம்பாதிப்பவரையும் சேமிப்புப் பட்டியலில் நிறுத்தினால், கீழே இருப்பவர் அன்றோடு விடைபெறுவார். பணக்கணக்கை ஊரறியக் காட்ட நம் ஆட்கள் தயாராகவும் இல்லை.

ஸ்ட்ரீக் வேண்டுமென்றால் வாரத்துக்கு வையுங்கள். வீட்டுக் கணக்கு தினசரி வேலை கிடையாது; ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து வாரக் கணக்கை முடிப்பவர்தான் உண்மையில் நிலைக்கிறவர். "தொடர்ந்து 6 வாரம் கணக்கு முடித்தீர்கள்" என்பது போதும். செலவில்லாத நாளை ஒரு தட்டலில் "இன்று செலவு இல்லை" என்று குறிக்கவும், மாதத்தில் ஒரு வாரம் விட்டாலும் எண் உடையாமல் இருக்கவும் வழி வையுங்கள். நோட்டிபிகேஷன் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று முறை திறக்காவிட்டால் தானாக நிற்கட்டும்.

முதல் வாரத்தில் ஓடுகிறவர்களுக்கு விளையாட்டைவிட எழுதும் சுமையைக் குறைப்பதுதான் மருந்து. அனுமதி கிடைத்தால் வங்கி எஸ்எம்எஸ்களிலிருந்து இந்த மாதச் செலவுகளை நீங்களே நிரப்பிக் காட்டி, "12 செலவுகள் வந்துவிட்டன, வகை பிரிக்க வேண்டியது 4" என்று தொடங்குங்கள். கார் கழுவும் அட்டையின் இரண்டு முத்திரை இதுதான், அதுவும் பொய்யில்லாமல். இந்த ஒன்றை மட்டும் முதல் ரிலீஸில் செய்துவிட்டு மற்றதைத் தள்ளிவைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெளியிடும்போது பத்தில் ஒரு பங்குப் பயனர்களுக்கு எதையும் மாற்றாமல் விட்டுவையுங்கள், குறைந்தது மூன்று மாதம். ஆப்பை எத்தனை முறை திறந்தார்கள் என்பதோடு, ஒதுக்கிய தொகைக்குள் மாதத்தை முடித்தவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்றும் பாருங்கள். முதல் எண் ஏறி இரண்டாவது அசையாமல் இருந்தால், மேலாளரிடம் இரண்டு கிராஃபையும் ஒரே ஸ்லைடில் காட்டிவிட்டு அந்த மெக்கானிக்கை எடுக்கச் சொல்லுங்கள். பயனர்களிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி, அதுவரை சேர்ந்த எண்ணை அவர்கள் புரொஃபைலில் அப்படியே விட்டுவிட்டு எடுங்கள்.